கம்பி மாறினால் கச்சேரி மாறும்

வீட்டிற்குப் புது ரிஸீவர் வந்து சேருகிற தினத்தில் அதற்கு நடக்கும் உபசாரம் மாப்பிள்ளை அழைப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல. கூடத்தில் நல்ல இடமாகப் பார்த்து அதற்கு ஆசனம் தயாராகிறது. சந்தனம் குங்குமம் இடுவோரும் உண்டு. அதனுடன் வரும் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு மாப்பிள்ளைத் தோழனுக்குரிய மரியாதை கிடைக்கிறது. ஆனால் இரண்டையும் பிணைக்கின்ற கம்பியை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கடையிலிருந்து வந்த பையன், கையோடு கொண்டுவந்த ஏதோ ஒரு கம்பியை ஐந்து நிமிஷத்தில் ஏதோ ஒரு விதமாக முடுக்கிவிட்டு, "பாட்டு வருகிறதல்லவா, ஸார்?" என்று கேட்டு, காபி அருந்திவிட்டுப் போய்விடுகிறான். பாட்டு வருவது வாஸ்தவந்தான். பாட்டில் எவ்வளவு பங்கு வருகிறது, எவ்வளவு பங்கு கம்பியிலேயே தொலைந்துபோகிறது என்பதைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம்.

அந்தக் காலத்து ரேடியோவில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. 1938-ஆம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி சென்னையில் அகில இந்திய ரேடியோ நிலையம் திறக்கப்பட்டபோது, ரேடியோ வைத்திருந்த வீடுகளில் பெட்டி பெரும்பாலும் ஒன்றே. வால்வு, சுருள், ஒலிபெருக்கி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். முன்புறத்தில் துணி போர்த்திய ஜன்னல் வழியாகச் சங்கீதம் வெளியே வந்தது. வீட்டுக்காரர் ஏரியலைக் கட்டித் திருகைத் திருப்பினால் அவருடைய கடமை தீர்ந்தது.

இன்றைய ரிஸீவர் வேறு இனம். அதற்குக் காதுகள் ஏராளம். ரேடியோ, டெலிவிஷன், இசைத்தட்டு, கையிலிருக்கும் செல்போன் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் ஒலியை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு வாய் கிடையாது. வாய் வேறு பெட்டியில், வேறு மூலையில் இருக்கிறது. ரிஸீவரின் முதுகில் வரிசையாக இருக்கும் சிவப்பு, கறுப்புக் குமிழ்களிலிருந்து இரட்டைக் கம்பி ஓடி அந்த வாயைச் சேர வேண்டும். பெட்டியைச் செய்த நிபுணர்கள் தங்கள் வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிட்டார்கள். இந்த இரட்டைக் கம்பி ஒன்றுதான் நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

ஸ்பீக்கர் எப்படிப் பேசுகிறது? 1925-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்ட அமைப்பே, எத்தனையோ சில்லறை மாறுதல்களுடன், இன்றைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களில் இருக்கிறது. கூம்பு வடிவமான ஒரு காகிதம். அதன் அடிவாரத்தில் மெல்லிய கம்பிச் சுருள். அந்தச் சுருளைச் சுற்றி ஒரு வலுவான காந்தம். சுருளில் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் கூம்பு முன்னே வருகிறது. எதிர்த்திசையில் பாய்ந்தால் பின்னே போகிறது. பாடகரின் குரல் ஒரு விநாடியில் எத்தனை தடவை அதிர்கிறதோ அத்தனை தடவை கூம்பும் முன்னும் பின்னும் போய் வந்து, எதிரிலுள்ள காற்றைத் தள்ளியும் இழுத்தும் அதே குரலை உண்டாக்கிவிடுகிறது.

வகுப்பில் பாடம் இந்த இடத்திற்கு வந்ததும் கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு கை உயர்வது வழக்கம். "மின்சாரந்தான் முன்னும் பின்னும் மாறி மாறிப் பாய்கிறதே, ஐயா! அப்புறம் சிவப்பு என்ன, கறுப்பு என்ன? எதை எதில் முடுக்கினால் என்ன?" என்ற கேள்வி பிறக்கும். கடைசிப் பெஞ்சிக் கேள்விகள் அநேகமாக நல்ல கேள்விகள். ஒரே ஒரு ஸ்பீக்கர் இருக்கும்வரையில் பையன் சொல்வது சரி. கம்பி எப்படி மாறினாலும் காது வித்தியாசம் காணாது. இரண்டு ஸ்பீக்கர் இருந்து இரண்டிலும் ஒரேமாதிரி மாறியிருந்தாலும் பாதகமில்லை. ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் மாறியும் இருந்தால்தான் வந்தது வினை.

ஊஞ்சலில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. இருவர் அதை ஆட்டுகிறார்கள். இருவரும் ஒரே சமயத்தில் முன்னே தள்ளினால் ஊஞ்சல் நன்றாக ஆடும். ஒருவர் முன்னே தள்ளும் அதே கணத்தில் மற்றவர் பின்னே இழுத்தால், இருவருக்கும் வியர்வை வழியுமே தவிர ஊஞ்சல் நின்ற இடத்தில் நிற்கும். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றின் கம்பி மாறிவிட்டால் காற்றுக்கு நேர்வது இதுதான். ஒரு கூம்பு காற்றைத் தள்ளும். மற்றொன்று அதே காற்றை இழுத்துக்கொள்ளும். ரிஸீவர் பாவம், முழு மூச்சுடன் உழைத்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் சத்தமே வராமற் போய்விட வேண்டாமா என்று கேட்கலாம். போய்விட்டாலாவது நல்லதாக இருந்திருக்கும். உடனே தவறு தெரிந்திருக்கும். எல்லாச் சத்தமும் போவதில்லை. கீழ் ஸ்தாயி ஒலிகள் மட்டும் போகின்றன. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் வேகத்தில் செல்லுகிறது. ஒரு கட்டை சுருதியில் பாடும் வித்துவானுடைய தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தி விநாடிக்குச் சுமார் 65 தடவை அதிர்கிறது. ஆகவே அந்த ஒலியலையின் நீளம் ஐந்து மீட்டருக்கும் அதிகம். நம் கூடத்திலோ இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே இரண்டு மீட்டர் தூரம் இருந்தால் பெரிது. அவ்வளவு நீண்ட அலைக்கு இந்த இரண்டு மீட்டர் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பது போலத்தான். எனவே ஒன்றின் தள்ளலும் மற்றொன்றின் இழுப்பும் நேருக்கு நேர் சந்தித்து அழிந்துபோகின்றன. விநாடிக்கு 5,000 தடவை அதிரும் மேல் ஒலிக்கு அலையின் நீளம் ஏழு சென்டிமீட்டர்தான். அது ஓரிடத்தில் அழிந்தால் நாலு விரற்கடைக்கு அப்பால் பெருகி நிற்கும். காது அதைக் கண்டுகொள்ளாது.

ஆக, ஜாலராவின் கிணுங்கல் இருக்கும். வயலினின் கீச்சு இருக்கும். "ஸ", "ஷ" முதலிய எழுத்துக்கள் காதைக் குத்தும்படி தெளிவாக இருக்கும். தம்பூராவின் அடித்தளம் இராது. மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் தகரத்தைத் தட்டினாற்போல் ஒலிக்கும். ரவையைப் பிசைந்து ஒட்டி வித்துவான் அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த தொப்பியின் கும்காரம் எங்கேயோ மறைந்துவிடும். பாடுகிறவருடைய குரல் நடுவில் நிற்காமல், கூடத்தின் எந்த மூலையிலிருந்து வருகிறதென்று சொல்ல முடியாதபடி அந்தரத்தில் அலையும். பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் ஒலிபெருக்கி வைத்தால் வாசிப்பதில்லை என்றே இருந்தார். இப்படிப்பட்ட இரண்டு பெட்டிகளை அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கவும் அச்சமாக இருக்கிறது.

இதில் நம்மவர்களுக்கு மற்றவர்களைவிட நஷ்டம் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். இடக்காதுக்கு ஓர் ஒலி, வலக்காதுக்கு ஓர் ஒலி என்று பிரித்துப் பதிவு செய்யும் ஸ்டீரியோ முறைக்கு ஆலன் பிளம்லீன் என்னும் ஆங்கிலேயர் 1931-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958-இல்தான். நம் நாட்டில் அது பரவுவதற்கு இன்னும் காலமாயிற்று. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், மதுரை மணி ஐயர் போன்றவர்கள் பாடி நமக்கு மிஞ்சியிருக்கும் கச்சேரிப் பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை ஒற்றைத் தடப் பதிவுகளே. அதாவது, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் போவது அச்சாக ஒரே ஒலி. இரண்டும் ஒத்துழைத்தால் முழுக் கச்சேரியும் கிடைக்கும். இரண்டும் சண்டையிட்டால் ஒன்றையொன்று முழுவதும் தின்றுவிடும். இன்றைய சினிமாப் பாட்டில் இரண்டு பக்கத்திற்கும் வெவ்வேறு வாத்தியங்களை வைத்திருப்பதனால், கம்பி மாறினாலும் ஏதோ கொஞ்சம் மிஞ்சும். எந்தப் பதிவுகளுக்காக வீட்டுப் பெரியவர்கள் ரிஸீவர் வாங்கச் சொல்லுகிறார்களோ, அந்தப் பதிவுகளைத்தான் மாறிய கம்பி அதிகமாகக் கெடுக்கிறது.

நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் தமது சேமிப்பில் ஒரு பகுதியைச் செலவிட்டு நல்ல ரிஸீவரும் ஸ்பீக்கரும் வாங்கினார். பழைய கச்சேரிகளைக் கேட்க வேண்டுமென்பதே அவருடைய நோக்கம். ஒரு மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது முகம் வாடியிருந்தது. "என்ன ஸார் பிரயோஜனம்? பழைய டிரான்ஸிஸ்டரில் கேட்ட மிருதங்கங்கூட இதில் கேட்கவில்லை. எனக்குத்தான் காது மந்தமாகிவிட்டதோ என்று வைத்தியரிடம் காட்டினேன்" என்றார். விற்ற கடையில் கேட்டதற்கு, கம்பி மட்டம் என்றும், ஸ்பீக்கரின் விலையில் பாதி பெறுமான ஓர் உயர்ந்த கம்பியைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னார்களாம். அவரும் பணத்தை எடுத்து வைத்துவிட்டார். அவருடைய மனைவியாருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "கம்பியில் என்ன இருக்கிறது, வாத்தியார் ஐயா? நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தோம். இரண்டு பெட்டிகளில் ஒன்றில் சிவப்பு சிவப்போடும், மற்றதில் சிவப்பு கறுப்போடும் கட்டப்பட்டிருந்தன. ரிஸீவரை அணைத்து, இரண்டு குமிழ்களைத் தளர்த்தி, நுனிகளை இடம் மாற்றி, மறுபடி முடுக்கினோம். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். பிறகு பழைய தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டதும், உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள் அரிவாள்மணையை விட்டு எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டார். நண்பர் ஒன்றும் பேசவில்லை. எடுத்து வைத்த பணத்தைத் திரும்பவும் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க யந்திரம் ஒன்றும் வேண்டாம். செய்தி வாசிப்பவரின் குரலை வைத்துக்கொண்டு, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் நடுவில் உட்கார வேண்டும். வாசிப்பவர் நேர் எதிரே, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் அமர்ந்து பேசுவதுபோல் இருந்தால் கம்பி சரி. குரல் தலைக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் சுற்றிச் சுற்றி வந்தால் சந்தேகம். சந்தேகம் தீராதவர்கள் இரண்டு பெட்டிகளையும் முகத்தோடு முகமாக ஒரு சாண் இடைவெளியில் வைத்து மிருதங்கம் ஒலிக்கும் ஒற்றைத் தடப் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்கலாம். பிறகு ரிஸீவரை அணைத்து, ஒரு பெட்டியின் கம்பியை மட்டும் மாற்றிக் கட்டி, அதையே மறுபடி போடலாம். எந்த நிலையில் தொப்பி பலமாகக் கேட்கிறதோ அதுவே சரியான நிலை. வித்தியாசம் வாதத்துக்கு இடமில்லாமல் தெரியும்.

மற்றொரு வழியும் உண்டு. குழந்தைகளுக்குக் காட்டினால் பெரிதும் ரசிப்பார்கள். ஸ்பீக்கர் கம்பியை ரிஸீவரிலிருந்து முற்றிலும் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பாட்டரியை எடுத்துக்கொள்ளவேண்டும். சிவப்புக்குரிய நுனியைப் பாட்டரியின் கூட்டல் குறியுள்ள தலையிலும், மற்றதை அடியிலும் கண நேரம் தொட வேண்டும். "டப்" என்ற சத்தத்துடன் பெரிய கூம்பு முன்னே வந்தால் நேர். உள்ளே போனால் மாற்று. சில பழைய கம்பெனிகள் இதற்கு நேர்மாறாகச் செய்ததுண்டு. ஆனால் ஒரே ஜோடியிலுள்ள இரண்டு பெட்டிகளும் ஒரேமாதிரி நடந்துகொண்டால் நமக்குப் போதும். பாட்டரியைத் தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும், பிடித்துக்கொண்டே இருக்கலாகாது. இப்போது சில ரிஸீவர்களுடன் ஒரு சிறு மைக் வருகிறது. அதை நாற்காலியில் வைத்தால் ரிஸீவரே கம்பியைப் பரீட்சித்து மார்க் போட்டுவிடுகிறது. நல்ல சாதனந்தான். ஆனால் சரியாகக் கட்டிய ஸ்பீக்கரையும் சில சமயம் தவறென்று சொல்லிவிடுகிறது; அதன் தீர்ப்பின்மேல் காது என்கிற அப்பீல் கோர்ட்டு இருப்பதை மறக்க வேண்டாம்.

இனிக் கட்டுகிற வேலை. முதலில் ரிஸீவரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். விசையை மட்டும் அணைத்தால் போதாது. இரட்டைக் கம்பியை உற்றுப் பார்த்தால் இரண்டில் ஒன்றின்மேல் ஒரு சிவப்புக் கோடோ, எழுத்தோ, விரலால் தடவினால் தெரியும் ஒரு வரம்போ இருக்கும். அதையே இரு முனையிலும் சிவப்புக் குமிழுக்கு உரியதென்று வைத்துக்கொண்டால் மாறாட்டத்துக்கு வழியில்லை. நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குமேல் உறையைச் சீவ வேண்டாம். உள்ளேயிருக்கும் மெல்லிய இழைகளைத் திரி திரிப்பதுபோல் இறுக முறுக்கி, குமிழைத் தளர்த்தினால் தெரியும் துவாரத்தில் நுழைத்து முடுக்க வேண்டும். முறுக்காமல் விட்ட ஓர் இழை, மயிர் அளவுதான் இருக்கும், பக்கத்துக் குமிழைத் தொட்டுவிட்டால் போதும். நல்ல ரிஸீவர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு பிழைக்கும். சாதாரண ரிஸீவரின் உள்ளே புகை வரும்.

சில வீடுகளில் ஒரு பழக்கம் பார்த்திருக்கிறோம். சிக்கனத்தை உத்தேசித்து இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்பு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கம்பியில் திருப்பி அனுப்புவார்கள். இன்றைய ரிஸீவர்கள் பலவற்றில் கறுப்புக் குமிழிலும் மின்சாரம் வேலை செய்கிறது. அவற்றில் இப்படிச் சேர்ப்பது ரிஸீவரின் உயிருக்கே உலை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி இரட்டைக் கம்பி வேண்டும். இதைவிடப் பயங்கரமான பழக்கம் ஒன்று உண்டு. கழற்றி மாட்ட வசதி என்று ஸ்பீக்கர் கம்பியின் நுனியில் வீட்டு மின்சாரத்துக்குரிய பிளக்கை மாட்டி வைப்பது அது. வீட்டுக்கு வந்த ஒருவரோ, விவரமறியாத குழந்தையோ அதைச் சுவரிலுள்ள 230 வோல்ட்டில் செருகிவிட்டால், ஸ்பீக்கர் எரிவது சிறு நஷ்டம். கம்பியின் மறுமுனையை அந்த நேரத்தில் ஒருவர் கையில் பிடித்திருந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய பிளக்கைக் கண்டால் அன்றைக்கே வெட்டி எறிந்துவிட வேண்டும்.

கம்பியின் விலைக்கு வருவோம். பொன் முலாம் பூசியது, பிராணவாயு நீக்கிய செம்பு என்றெல்லாம் விளம்பரம் செய்து, ஒரு மீட்டருக்குப் பட்டுப்புடவை விலை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பி செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: வழியில் அதிகமாகத் தடை செய்யாமல் மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதை முக்கியமாகத் தீர்மானிப்பவை செம்பின் பருமனும் நீளமுமே. ரிஸீவரிலிருந்து ஸ்பீக்கர் எட்டு மீட்டர் தூரத்தில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். போக எட்டு, வர எட்டு, ஆகப் பதினாறு மீட்டர் செம்பு. அரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியானால் தடை 0.55 ஓம். ஒரு சதுர மில்லிமீட்டரானால் 0.28 ஓம். ஒன்றரையானால் 0.18 ஓம். ஸ்பீக்கரின் தடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கம்பியின் தடை இருந்தால் காது குறை சொல்லாது என்பது கணக்கு. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அந்த எல்லை 0.4 ஓம், நாலு ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம். ஆகவே தெருமுனை மின்சாரக் கடையில் கிடைக்கும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி நம்மைப்போன்ற குடும்பங்களின் கூடத்துக்குத் தாராளமாகப் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பி மலிவாக விற்கிறது; பார்வைக்குச் செம்பேதான். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதன் தடை செம்பைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதை வாங்கினால் ஒரு படி பருமனாக வாங்க வேண்டும். விலை சேமித்ததும் அத்துடன் சரியாய்ப் போயிற்று.

நிற்க. கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர் வந்ததும், சமையலறையில் ஒன்று இருந்தால் தேவலை என்ற விண்ணப்பம் வருவது இயற்கை. காலைப் பொழுதில் வீட்டிலேயே அதிக நேரம் வேலை செய்கிறவருக்குப் பாட்டு வேண்டாமென்று சொல்ல எவருக்கும் நியாயமில்லை. ஆனால் அந்தக் கம்பியை இருக்கிற ஸ்பீக்கருடைய குமிழிலேயே சேர்த்து முடுக்கிவிடக் கூடாது. எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டை அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் ரிஸீவரின் கண்ணுக்கு அவை நாலு ஓம் ஆகத் தெரியும். அதாவது, இரண்டு பங்கு மின்சாரம் கேட்கும். ரிஸீவரின் முதுகிலேயே எத்தனை ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு. அதை மீறினால் சிறிது நேரம் பாடும். பிறகு சூடேறி மௌனமாகும். இரண்டாவது ஜோடிக்கென்று தனிக் குமிழ்கள் உள்ள ரிஸீவரானால், இரண்டு ஜோடியும் சேர்ந்து பாடும்போது எத்தனை ஓம் வேண்டுமென்பதையும் அதனுடன் வந்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

கல்யாணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கி எங்கேயாவது மலிவாகக் கிடைத்தால், அதை வீட்டு ரிஸீவரில் மாட்டும் ஆசை சிலருக்கு உண்டு. அந்தக் குழாய்கள் பல 100 வோல்ட் லைனுக்கென்று உள்ளே டிரான்ஸ்பார்மர் வைத்துச் செய்தவை. இந்த ரிஸீவரின் ஜாதகமும் அதன் ஜாதகமும் பொருந்தா. மின்சார வேலையைத் தானே உள்ளடக்கிய ஸ்பீக்கர்களையும், கீழ் ஸ்தாயிக்கென்று தனியாக வரும் பெரிய பெட்டியையும் இந்தச் சிவப்பு கறுப்புக் குமிழ்களில் கட்டக்கூடாது. ரிஸீவரில் அவற்றிற்கு வேறு துவாரம், வேறு கம்பி இருக்கின்றன. சினிமாவுக்காக ஐந்து ஸ்பீக்கர் வைப்பவர்களுக்கும் கட்டுகிற முறை மேலே சொன்னதுதான். ஒன்றிலாவது கம்பி மாறாமல் இருக்கவேண்டியது மட்டும் ஐந்து மடங்கு கவனத்துக்குரியது.

வாட் கணக்கைப் பற்றிக் கடைக்காரர்கள் அதிகமாகப் பேசுவார்கள். ஐம்பது வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று டெஸிபல். காதுக்கு அது சிறிதே. சத்தம் இரட்டிப்பாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். கூடத்தில் நிதானமாகக் கச்சேரி கேட்கும்போது ரிஸீவர் செலவிடுவது ஒரு வாட் அளவே இருக்கும். ஆகவே, வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தை ஸ்பீக்கருக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

கடைசியில் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்ற பிரச்னை. அழகுக்காக ஒன்றைப் பீரோவின்மேலும் மற்றதை ஜன்னலருகில் தரையிலும் வைத்த வீடுகள் எத்தனையோ. இரண்டும் ஒரே உயரத்தில், உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு நேராக இருக்க வேண்டும். இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைந்தால் உத்தமம். மூலையில் ஒட்டி வைத்தால் தொப்பி ஒலி அளவுக்குமேல் பெருகி, மிருதங்கம் பானையைத் தட்டுவதுபோல் ஆகிவிடும். ஒரு முழமாவது முன்னே இழுத்து வைப்பது நல்லது. நம் வீடுகளில் பளபளக்கும் ஓட்டுத் தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. கூடத்தின் நடுவில் நின்று கையைத் தட்டினால் சுவர் பதில் சொல்லுவது கேட்கும். ஸ்பீக்கருக்கும் நமக்கும் நடுவே ஒரு பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து, எதிர்ச் சுவரில் புஸ்தக அலமாரியையோ கனமான திரையையோ வைத்துப் பார்க்கலாம். ஜமக்காளம் மேல் ஒலியை மட்டுமே கொஞ்சம் அடக்கும். ஆனாலும் அதுவரை கூசிக்கொண்டிருந்த காது ஆறுதல் அடையும்.

இடம் வலம் மாறியிருக்கிறதா என்பதைப் பார்க்க, ஸ்டீரியோவில் மேடை அமைப்பின்படியே பதிவான வாய்ப்பாட்டுக் கச்சேரி ஒன்றைப் போடலாம். வழக்கமாக மிருதங்க வித்துவான் பாடகரின் வலப்புறத்தில், வலந்தலை சபையைப் பார்க்கும்படி உட்காருவார். ஆகையால் சபையிலுள்ளவருக்கு மிருதங்கம் இடப்புறத்திலும், வயலின் வலப்புறத்திலும் கேட்க வேண்டும். மாறிக் கேட்டால் ரிஸீவரின் இட, வலக் கம்பிகளை இடம் மாற்றிக் கட்டிவிடலாம். அதற்குமுன் அன்றைக்கு வாசித்தவர் இடக்கைக்காரர்தானா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. அப்படியானால் அவர் மேடையிலேயே பக்கம் மாறி உட்கார்ந்திருப்பார். கம்பியைத் தொட வேண்டியதில்லை.